கேல்லி குளிர் அறையில் இன்சுலேஷனுக்கு 12 மி.மீ.தான் இடம், வாக்குவம் பேனல் போட்டால் தேறுமா?

ஓசூர்ரோடு:

வணக்கம். பெங்களூரில் விமான உள்கட்டமைப்பு டிசைன் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. இப்போது என் தலையில் விழுந்திருப்பது ஒற்றை நடைபாதை விமானத்தின் பின்பக்க கேல்லி, அதாவது வால்பக்கம் டிராலியும் ஓவனும் காபி மெஷினும் அடுக்கியிருக்கும் அந்தக் குட்டி கிச்சன். அதில் கவுன்டருக்குக் கீழே மூன்று முழு டிராலி நிற்கிற ஒரு குளிர் அறை. பின்னால் ஏர் சில்லர். காற்று டிராலிக்குள் புகாது, டிராலிகளைச் சுற்றி மட்டும் ஓடும் வகை. உள்ளே 4 டிகிரி நிற்க வேண்டும்.

இடம்தான் தலைவலி. டிராலி அளவை நாம் தொட முடியாது, அட்லஸ் அளவு என்றால் ஏறக்குறைய 30 செ.மீ. அகலம், 81 ஆழம், 103 உயரம், உலகம் முழுக்க அதே. கேல்லியின் வெளி அளவை விமானக் கம்பெனி முடிவு செய்துவிட்டது. நடுவில் காற்று ஓட இடம் விட்டு, கேல்லிச் சுவரான தேன்கூடு பேனலையும் கழித்தால் இன்சுலேஷனுக்கு மிஞ்சுவது சுற்றிலும் 12 மி.மீ. அதில் இப்போது பாலியூரித்தேன் ஃபோம், உள்பக்கம் மெல்லிய அலுமினியத் தகடு.

மொத்தப் பரப்பு கதவையும் சேர்த்து 5.4 ச.மீ. வெளியே 24 டிகிரி, உள்ளே 4. ஃபோமின் கே மதிப்பு (வெப்பம் கடத்தும் அளவு, குறைந்தால் நல்லது) 0.025 என்று வைத்து, இருபக்கக் காற்றுப் படலத்துக்கும் சேர்த்து 0.2 தடை கொடுத்தால் 160 வாட் வருகிறது. டெஸ்ட் ரிக்கில் சில்லரின் காற்றளவையும், போகிற காற்றுக்கும் வருகிற காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தையும் வைத்துப் பார்த்தால் 400 வாட் பக்கம் உள்ளே வருகிறது. மீதி 240 எங்கள் எக்செல் ஷீட்டில் "இதர இழப்பு" என்று ஒரே வரியில் உட்கார்ந்திருக்கிறது. நடு டிராலி பரவாயில்லை, 4-5 டிகிரி. இடப்பக்க டிராலியின் மேல் தட்டு 8-9 வரை ஏறிவிடுகிறது.

மேலே இருப்பவர்கள் வாக்குவம் பேனல் (காற்றை உறிஞ்சி எடுத்து சீல் செய்த இன்சுலேஷன் பலகை) போடு, ஏரோஜெல் (நுண்துளை நிறைந்த இன்சுலேஷன் போர்வை) போடு என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். கண்காட்சியில் யாரோ சாம்பிள் காட்டியிருக்கிறார்கள் போல. இதில் கை வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த 12 மி.மீ.க்குள் எதைப் போட்டால் 400 வாட் பாதியாகும்? தீ சோதனையில் ஏதாவது மாட்டுமா?

வெப்பக்கணக்கு:

எதைப் போட்டாலும் பாதியாகாது. காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது.

ஃபோம் வழியாக வருவது 160. ஃபோமை மாற்றினால் குறையப்போவது இந்த 160 மட்டும்தான். வாக்குவம் பேனலின் கே மதிப்பு நடுப்பகுதியில் 0.004 முதல் 0.005 வரை இருக்கும், ஆனால் ஓரங்களில் உறைப் படலம் வழியாக வெப்பம் சுற்றி வருவதால் மொத்தமாக 0.007 என்று எடுத்துக்கொள்ளுங்கள், அதுவே தாராளம். 12 மி.மீ.க்குக் கணக்குப் போட்டால் 160 வாட் 56 ஆகிறது. சேமிப்பு 100 வாட் சொச்சம். மொத்தம் 400 இருந்தது 300 ஆகும், பெட்டி நிறையக் காசு கொட்டியபிறகு. கே மதிப்பு சுத்தமாகப் பூஜ்ஜியமாக உள்ள ஒரு பொருள் கிடைத்தாலும் அந்த 240 அப்படியே நிற்கும். ஓட்டை வாளிக்கு வெள்ளி முலாம் பூசுகிற கதை.

"இதர இழப்பு" வரியைப் பிரித்து எழுதுங்கள். என் அனுபவத்தில் அதில் இரண்டே ஆட்கள்தான்: கதவு ஓரக் காற்றுக் கசிவு, அலுமினியப் பாலங்கள்.

கசிவு. கடல்மட்ட அழுத்தத்தில் விநாடிக்கு ஒரு லிட்டர் 24 டிகிரி காற்று உள்ளே புகுந்து 4 டிகிரிக்கு இறங்கினால் 24 வாட். ஐந்து லிட்டர் என்றால் 120 வாட். விநாடிக்கு ஐந்து லிட்டர் நிறைய மாதிரி தெரியும், ஆனால் உங்கள் சில்லரின் ஃபேனே அதைத் தள்ளுகிறது என்பதை மறக்க வேண்டாம். குளிர் காற்று வெளிவரும் இடத்தில் அழுத்தம் கூடுதல், திரும்ப உறிஞ்சும் இடத்தில் குறைவு. ஆக அறையின் ஒரு மூலையில் கேஸ்கெட் இடுக்கு வழியாகக் குளிர் காற்று வெளியே போகும், அதே அளவு கேபின் காற்று இன்னொரு மூலையில் உள்ளே வரும். சில்லர் ஓடாதபோது கசிவைச் சோதித்துவிட்டு "எல்லாம் டைட்டாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் எத்தனையோ பார்த்தாயிற்று. ஃபேனை ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கதவின் நான்கு பக்கமும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள், புகை எங்கே இழுபடுகிறது, எங்கே தள்ளப்படுகிறது என்று கண்ணாலேயே தெரியும். கீழ் ஓரத்தைக் கட்டாயம் பாருங்கள். டிராலி உருண்டு ஏற வேண்டும் என்பதால் அங்கே நிலைப்படி வைக்க முடியாது, கேஸ்கெட் வெறும் தரையில் தடவிக்கொண்டிருக்கும்.

அலுமினியம். மூலைக்கு மூலை எக்ஸ்ட்ரூஷன் (அச்சில் தள்ளி எடுத்த நீளச் சட்டம்) போட்டிருப்பீர்கள். 2 மி.மீ. தடிமன், ஒரு மீட்டர் நீளம், அது 12 மி.மீ. ஃபோமைக் குறுக்காகக் கடக்கிறது. அலுமினியத்தின் கே மதிப்பு 160 என்றே வைப்போம், ஃபோமைவிட 6400 மடங்கு. இரண்டு முனையிலும் முழு 20 டிகிரி வித்தியாசம் கிடைத்தால் அந்த ஒரே கோட்டில் 530 வாட் போகும். நிஜத்தில் இருபக்கக் காற்றுப் படலமும் தடுப்பதால் அது சில பத்து வாட்டில் நிற்கிறது, அவ்வளவுதான் நம் அதிர்ஷ்டம். இன்னொன்று, உள்பக்க அலுமினியத் தகடு ரேடியேட்டர் ஃபின் மாதிரி வேலை பார்த்து வெப்பத்தை அறை முழுக்கப் பரப்பிவிடும், அதனால் சூடான இடம் எது என்று கையால் தொட்டுக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். தெர்மல் கேமரா வைத்தால் பளபள அலுமினியத்தில் உங்கள் முகமும் லேபின் டியூப் லைட்டும்தான் தெரியும். சந்தேகமான இடங்களில் கருப்பு எலெக்ட்ரிக்கல் டேப்பைச் சின்னச் சின்னத் துண்டாக ஒட்டி, டேப்பின் மேல் படம் எடுங்கள்.

இடப்பக்க டிராலி மட்டும் ஏன் சூடு? அந்தச் சுவருக்கு அந்தப்புறம் என்ன இருக்கிறது?

ஓசூர்ரோடு:

@வெப்பக்கணக்கு சார், அந்தப்புறம் சில்லரின் கண்டென்சர் சூட்டை மேலே ஏற்றும் டக்ட். டக்ட் உள்ளே 50 டிகிரி அளவில் காற்று. சுவரை ஒட்டியே ஏறுகிறது, வேறு வழியில்லை என்று சொன்னார்கள். நாங்கள் எல்லாச் சுவருக்கும் 24 என்றே கணக்குப் போட்டிருந்தோம்.

வெப்பக்கணக்கு:

அப்புறம் என்ன, விடை கிடைத்துவிட்டதே. அந்தச் சுவர் 0.9 ச.மீ. இருக்குமா? வித்தியாசம் 20 இல்லை, 46. அதே ஃபோமுக்கு 26 வாட்டுக்குப் பதில் 61. ஒரு சுவர் மட்டும். சில்லர் கஷ்டப்பட்டு வெளியே தள்ளும் சூட்டில் ஒரு பங்கு சுவர் வழியாகத் திரும்ப வந்து சேர்கிறது. முதலில் டக்டைச் சுவரிலிருந்து பத்து மி.மீ. ஆவது தள்ளப் பாருங்கள், இல்லையென்றால் டக்டின் மேலேயே உறை போடுங்கள். வாக்குவம் பேனல் வாங்கியே தீர வேண்டும் என்று மேலிடம் அடம்பிடித்தால் இந்த ஒரு சுவரில் மட்டும் போடுங்கள். 61 வாட் 22 ஆகும். மொத்த அறைக்கும் போட்டுக் கிடைக்கும் லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்குப் பரப்பிலேயே கிடைத்துவிடும்.

ஹாங்கர்மாமா:

தம்பி, நான் டிசைன் ஆள் இல்லை. வளைகுடாவில் மெயின்டனன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன், பெரிய பராமரிப்பு செக் வரும்போது கேல்லியைக் கழற்றி வெளியே எடுப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. நீங்கள் இங்கே போடுகிற கே மதிப்பெல்லாம் புதுப் பெட்டிக்குச் சரி. ஏழெட்டு வருஷம் பறந்த பெட்டி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

கதவு கேஸ்கெட்டின் கீழ் மூலை இரண்டும் கிழிந்திருக்கும். நூறு கிலோ பக்கம் எடையுள்ள டிராலியை அவசரத்தில் கொஞ்சம் கோணலாகத் தள்ளுவார்கள், டிராலியின் கீழ் பம்பர் நேராகப் போய் அந்த மூலையைத்தான் இடிக்கும். உள்பக்கத் தகட்டில் முழங்கால் உயரத்தில் ஒரு வரிசைப் பள்ளம், அதுவும் பம்பர் வேலை. தகட்டின் இணைப்பில் போட்ட சீலன்ட் உரிந்து தொங்கும். அந்தத் தகட்டைக் கழற்றினால் ஃபோம் ஈரம். கையில் எடுத்தால் கனக்கும், அழுத்தினால் தண்ணீர் சொட்டும், பழைய பால் நாற்றம் அடிக்கும். மெலமைன் மாதிரித் திறந்த துளை ஃபோம் போட்டிருந்தால் இன்னும் மோசம். தண்ணீரின் கே மதிப்பு 0.6, உலர்ந்த ஃபோமைவிட 24 மடங்கு, இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்களைப் போன்ற ஒரு டிசைன் பையன்தான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வடிகால் குழாய் அடைப்பு பாதிக் காரணம். ஜூஸ், சர்க்கரைப் பொட்டல மூலை, டிஷ்யூ துண்டு எல்லாம் சேர்ந்து டிரிப் பேனின் (சொட்டும் தண்ணீரைப் பிடிக்கும் தட்டு) வாயில் ஒரு பசை மாதிரி உட்கார்ந்துவிடும். அது நிரம்பி வழிந்து தரைப் பேனலுக்குக் கீழே போனால் ஃப்ளோர் பீம் அரிப்புதான். பழைய விமானங்களில் கேல்லிக்கும் டாய்லெட்டுக்கும் கீழே உள்ள பீமைத்தான் முதலில் பார்ப்போம், அங்கேதான் அரிப்பு அதிகம். ஆகவே இன்சுலேஷனைப் பற்றிக் கேட்கிற நீங்கள், அதன் ஓரத்தை எப்படி மூடுகிறீர்கள், தண்ணீர் உள்ளே போனால் எந்த வழியாக வெளியேறும், ஒரு துண்டை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா என்று மூன்றையும் டிராயிங்கிலேயே எழுதுங்கள். பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட்டு, "மாற்றத் தேவையில்லை" என்று மேனுவலில் எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

வாக்குவம் பேனலா, எந்தப் பையனாவது தகட்டைச் சரிசெய்ய ஒரு ரிவெட் துளை போடுவான், முடிந்தது கதை.

வெப்பக்கணக்கு:

ஹாங்கர்மாமா சொன்ன ஈரத்துக்கு ஒரு கணக்கு. பறக்கும்போது கேபின் காற்று வறண்டது, ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான், அதன் பனிநிலை (நீராவி தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) பூஜ்ஜியத்துக்கும் கீழே. 4 டிகிரிச் சுவரில் அந்தக் காற்று வியர்க்காது. வியர்ப்பதெல்லாம் தரையில். சென்னை, கொச்சி, சிங்கப்பூர் மாதிரி ஊரில் கதவைத் திறந்துபோட்டு லோடு ஏற்றும்போது காற்று 28 டிகிரி, பனிநிலை 25 என்று வையுங்கள். அதே ஒரு லிட்டர் கசிவுக்கு, காற்றைக் குளிர்விக்க 29 வாட், அதிலுள்ள நீராவியைத் தண்ணீராக்க இன்னொரு 45 வாட். நாலரை லிட்டர் கசிந்தால் மணிக்கு ஏறக்குறைய 300 மில்லி தண்ணீர். கதவு மூடியிருக்கும்போதே இது. உங்கள் டெஸ்ட் ரிக் ஏசி அறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன், அங்கே இது தெரியவே தெரியாது.

நீராவித் தடுப்புப் படலம் சூடான பக்கம், அதாவது வெளிப்பக்கம் முழுசாக ஓட வேண்டும். உள்பக்கத் தகட்டை மட்டும் நன்றாக சீல் செய்து வெளிப்பக்கத்தை விட்டுவிட்டால் ஈரம் வெளியிலிருந்து ஃபோமுக்குள் வந்து, தகட்டின் பின்னால் குளிர்ந்து, வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும்.

தீப்பெட்டி:

தீ சோதனையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அந்த லேபில்தான் இருக்கிறேன்.

கேல்லி கட்டமைப்புப் பேனலுக்கு விமானத் தகுதி விதி 25.853-இன்படி செங்குத்தாக 60 விநாடி தீ காட்டுவோம். எரிந்த நீளம் சராசரியாக 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தீயை எடுத்தபின் 15 விநாடிக்குள் அணைய வேண்டும், சொட்டு விழுந்தால் அது 3 விநாடிக்கு மேல் எரியக் கூடாது. இருபதும் அதற்கு மேலும் பயணிகள் ஏறும் விமானத்தில் கேபின் பக்கம் தெரியும் கேல்லி பரப்புக்கு வெப்ப வெளியீட்டுச் சோதனையும் உண்டு, 65-க்கு 65 என்று எல்லோரும் சொல்வார்களே அது: உச்சம் சதுர மீட்டருக்கு 65 கிலோவாட், முதல் இரண்டு நிமிட மொத்தம் 65 கிலோவாட்-நிமிடம். அதோடு புகை அடர்த்தி. ஆனால் அவசர இறக்கத்தின்போது வழக்கமாக மூடியிருக்கும் கதவுக்குப் பின்னால் இருக்கும் உள்பகுதிக்கு வெப்ப வெளியீடும் புகையும் தேவையில்லை என்று அதே விதியில் ஒரு விலக்கு இருக்கிறது. உங்கள் குளிர் அறையின் உள்பக்கம் அதில் வரலாம். தீ காட்டும் சோதனைக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது. விமான உடலுக்குள் போர்த்தும் இன்சுலேஷனுக்கு 25.856 என்று தனி விதி, டக்டுக்கு உறை போடச் சொன்னார்களே, அந்த உறை இந்த விதியில் மாட்டுமா என்பதை முதலிலேயே உங்கள் சர்டிஃபிகேஷன் ஆளிடம் கேட்டுவிடுங்கள். டிராலிக்கே டிஎஸ்ஓ-சி175 என்று தனித் தரநிலை இருக்கிறது, அது டிராலி செய்பவர் கவலை.

நடைமுறையில் எங்களிடம் வந்து தோற்பது எது தெரியுமா? ஃபோம் இல்லை. பசை. டேப். ஃபோம் விற்பவர் தரும் சான்றிதழில் ஃபோம் தனியாக எரிக்கப்பட்டிருக்கும், அழகாகத் தேறியிருக்கும். அதே ஃபோமை நீங்கள் கான்டாக்ட் பசை தாராளமாகத் தடவித் தகட்டில் ஒட்டிக் கொண்டுவந்தால் தீ பசை வழியாகப் பிடித்து ஏறும். சாம்பிளை விமானத்தில் எப்படி இருக்குமோ அதே அடுக்கு, அதே தடிமன், அதே பசை அளவோடு செய்து அனுப்புங்கள்.

வாக்குவம் பேனலில் உள்ளே இருப்பது ஃபியூம்டு சிலிக்கா என்றால் அது எரியாது, மணல் மாதிரிதான். வெளி உறை பிளாஸ்டிக் படலம், அது எரியும். கண்ணாடி இழை உள்ளடக்கம் கொண்ட பேனலும் வரும், புதிதாக இருக்கும்போது அதன் கே மதிப்பு இன்னும் குறைவு, ஆனால் காற்று கொஞ்சம் புகுந்தாலே போச்சு. ஓட்டையானால் கண்ணாடி இழை 0.035-க்குப் போய்விடும், உங்கள் ஃபோமைவிட மட்டம். சிலிக்கா 0.020-இல் நிற்கும், அதன் துளைகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் முழுக் காற்றழுத்தத்திலும் காற்று மூலக்கூறுகள் சரியாக வெப்பம் கடத்த முடியாது. ஹாங்கர்மாமா பயப்படும் ரிவெட் துளை விழுந்தாலும் சிலிக்கா பேனல் ஃபோம் அளவுக்காவது வேலை செய்யும். சிலிக்காவே கேளுங்கள்.

எடையைப் பற்றி யாரும் பேசவில்லையே? 5.4 ச.மீ.யில் 12 மி.மீ. என்றால் 65 லிட்டர். கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி ஃபோம் என்றால் இரண்டரை கிலோ. சிலிக்கா வாக்குவம் பேனல் 190 பக்கம், பன்னிரண்டு கிலோவுக்கு மேல். ஏரோஜெல் போர்வையும் 150 முதல் 200 வரைதான், அதன் கே மதிப்பு 0.015 சுற்றி, அதோடு வெட்டும்போது வெள்ளைத் தூள் உதிரும், சாப்பாடு வைக்கும் இடத்தில் அதை நாலாபக்கமும் சீல் செய்யாமல் போட முடியாது. ஒரு குளிர் அறைக்குப் பத்து கிலோ கூடுதல் என்று சொல்லிப் பாருங்கள், மேலிடமே பின்வாங்கும்.

மூணாவது_டெர்மினல்:

ஒரு சந்தேகம். கேபின் அழுத்தம் குறைவாக இருக்கும்போது ஃபோமின் இன்சுலேஷன் கூடுமா? காற்று குறைவுதானே? அப்புறம் அழுத்தம் திடீரென்று போனால் இந்த வாக்குவம் பேனல் வெடிக்காதா?

வெப்பக்கணக்கு:

கூடாது. கேபின் அழுத்தம் 8000 அடிக்குச் சமம், அதாவது தரையில் உள்ளதில் நான்கில் மூன்று பங்கு. அந்த அளவுக்குக் குறைந்தாலும் காற்றின் கடத்தல் ஏறக்குறைய அதேதான். மூலக்கூறு குறைந்தாலும் ஒவ்வொன்றும் மோதாமல் கூடுதல் தூரம் ஓடுகிறது, இரண்டும் ஈடாகிவிடும். துளை அளவு நானோமீட்டர்க் கணக்குக்கு இறங்கினால்தான் அழுத்தம் பேசும். ஆனால் கசிவால் வரும் வெப்பம் குறையும், ஏனென்றால் ஒரு லிட்டரில் காற்றின் நிறையே குறைவு.

வெடிக்காது. பேனலுக்குள் ஏற்கெனவே வெற்றிடம். வெளி அழுத்தம் 75 கிலோபாஸ்கலிலிருந்து 19-க்குப் போனாலும் வெளியேதான் இன்னும் அதிகம். பயப்பட வேண்டியது வேறு இடத்தில்: நாலாபக்கமும் சீல் செய்த ஃபோம் பை, துளையில்லாத உள்பக்கத் தகடு, இறுக்கமான கேஸ்கெட் போட்ட கதவு. அங்கே சிக்கிய காற்று வெளியேற வழி வேண்டும். கசிவை அடைக்கிறேன் என்று எல்லா ஓட்டையையும் மூடிவிட்டால் கதவு தாழ்ப்பாள் அந்த விசையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டி வரும். அழுத்தம் வந்தால் மட்டும் திறக்கும் ஒரு சின்ன ஃப்ளாப் போதும்.

மீனம்பாக்கம்_ஷிஃப்ட்:

எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். பெட்டிக்குள் வருகிற டிராலி என்ன சூட்டில் வருகிறது என்று யாராவது கேட்டீர்களா? நான் கேட்டரிங் பக்கம்.

கிச்சனில் 5 டிகிரிக்குக் கீழேதான் வெளியே விடுவோம், பேப்பரில் அப்படித்தான் இருக்கும், நிஜத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். அதன்பிறகு லாரி, செக்யூரிட்டி, விமானம் லேட், ஏப்ரனில் (விமானம் நிற்கும் தளம்) காத்திருப்பு. மே மாத மதியம் தார்த்தளத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். டிராலி சாதாரண அலுமினியப் பெட்டிதான், உள்ளே சன்னமான ஃபோம். மேல் தட்டு சாப்பாடு 10 டிகிரிக்கு வந்துவிடும். அப்படியே உங்கள் குளிர் அறைக்குள் தள்ளிவிட்டு, பதினைந்து நிமிஷத்தில் 4 டிகிரி காட்டவில்லை என்று கேபின் குழு புகார் எழுதும்.

இன்சுலேஷன் எதையும் குளிர்விக்காது, வருவதைத் தடுக்கும், அவ்வளவுதான். ஒரு டிராலியில் 30 கிலோ சாப்பாடு, 10-லிருந்து 4-க்கு இறக்க 600 கிலோஜூலுக்கு மேல் எடுக்க வேண்டும். சில்லரில் அந்த டிராலிக்கு என்று 100 வாட் உபரி இருந்தால்கூட ஒன்றே முக்கால் மணி நேரம். சென்னை-டெல்லி ஃப்ளைட்டே அதற்குள் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே நீங்கள் கசிவிலும் டக்டிலும் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு வாட்டும் இந்த உபரிக்குத்தான் போகும். அந்தக் கணக்கை மேலிடத்துக்குக் காட்டுங்கள், அவர்களுக்குப் புரியும்.

இதெல்லாம் சும்மா சுத்தம் பார்க்கிற விஷயம் இல்லை. 1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து பாரிஸ் போன ஜப்பான் ஏர்லைன்ஸ் 747-இல் ஆங்கரேஜில் ஏற்றிய ஆம்லெட் சாப்பிட்டு 197 பேர் படுத்துவிட்டார்கள். சமையல்காரர் விரலில் புண். அதோடு விட்டிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. சாப்பாடு கிச்சனில் அறை வெப்பத்தில் ஆறு மணி நேரம், பிறகு போதாத குளிரில், 10 டிகிரியில், பதினாலரை மணி நேரம், அப்புறம் விமானத்தில் குளிர் இல்லாமல் ஓவனுக்குள்ளேயே எட்டு மணி நேரம். அந்தக் கிருமி விடும் நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. எங்கள் பயிற்சியில் இந்தக் கதையை இன்றைக்கும் சொல்வார்கள்.

மூணாவது_டெர்மினல்:

சில்லரே வேண்டாம், உலர் ஐஸ் போட்டால் போதாதா? பழைய விமானங்களில் அப்படித்தானே?

மீனம்பாக்கம்_ஷிஃப்ட்:

சில்லர் இல்லாத கேல்லிக்கும் சில்லர் ரிப்பேர் ஆன கேல்லிக்கும் இன்றும் அதுதான். டிராலியின் மேல் தட்டில் வைப்போம், குளிர் காற்று தானே கீழே இறங்கும். ஒரு டிராலிக்கு 65 வாட் உள்ளே வருகிறது என்றால் ஆறு மணி நேரத்துக்கு இரண்டேகால் கிலோ கரையும், அதுவும் கதவைத் திறக்காமல் இருந்தால். மைனஸ் 78 டிகிரி என்பதால் பக்கத்தில் இருக்கும் தயிர்சாதம் கல்லாகிவிடும், கீழ்த் தட்டு சாலட் அதே நேரத்தில் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு கிலோ கரைந்தால் 540 லிட்டர் கார்பன் டைஆக்சைடு. கேபினுக்கு அரை சதவீதம்தான் வரம்பு, அதனால் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்குக் கணக்கு உண்டு, குனிந்து தலையை உள்ளே விட்டு வேலை பார்க்கும் கேபின் குழுவுக்கு அது பிடிக்கவும் பிடிக்காது.

ஓசூர்ரோடு:

எல்லோருக்கும் நன்றி. ரிக்கில் முதலில் செய்தது ஊதுபத்தி. லேபில் ஸ்மோக் டிடெக்டரை அணைக்க அனுமதி வாங்குவதுதான் பெரிய வேலையாக இருந்தது. சில்லர் ஓடும்போது கதவின் மேல் இடமூலையில் புகை உள்ளே இழுபடுகிறது, கீழ் வலது ஓரத்தில் வெளியே தள்ளுகிறது, மாமா சொன்ன அதே பம்பர் மூலை. புது ரிக்தான், அங்கே கேஸ்கெட் கிழியவில்லை, ஆனால் மூலையில் இரண்டு துண்டும் சேரும் இடத்தில் ஒரு விரல்நகம் நுழையும் இடைவெளி. கதவைச் சுற்றி முழுக்க அலுமினிய டேப் ஒட்டி மறுபடி அளந்தோம். 400 இருந்தது 290-க்கு வந்துவிட்டது. ஃபோமைத் தொடவே இல்லை.

கருப்பு டேப் துண்டு ஒட்டி எடுத்த படத்தில் டிராலித் தாழ்ப்பாள் பொருத்தும் இன்சர்ட்டுகள் (பேனலுக்குள் பதித்த உலோகத் துண்டுகள்) வரிசையாகத் தெரிகின்றன, ஒவ்வொன்றும் சுற்றியுள்ள தகட்டைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதல். எக்ஸ்ட்ரூஷனும் அப்படித்தான்.

இப்போது யோசனை இது: ஃபோம் அப்படியே இருக்கட்டும், அடைத்த துளை வகை. டக்ட் பக்கச் சுவரில் மட்டும் இன்சர்ட் எதுவும் வராத நடுப்பகுதியில் சிலிக்கா வாக்குவம் பேனல், அதற்கு ஒன்றரை கிலோ கூடினால் ஒப்புக்கொள்வார்கள். முன் ஃபிரேம் அலுமினிய எக்ஸ்ட்ரூஷனுக்குப் பதில் ஃபினாலிக் பிசின் சேர்த்த கண்ணாடி இழை. கேஸ்கெட்டை நான்கு துண்டாக வெட்டி ஒட்டாமல் மூலைகளை அச்சில் வார்த்த ஒரே வளையமாக வாங்குவது. இதில் எங்கே இடிக்கும்?

தீப்பெட்டி:

ஃபினாலிக் பிரச்சினையில்லை, நன்றாகத் தேறும். கேஸ்கெட் சிலிக்கோன் என்றாலும் எல்லா சிலிக்கோனும் ஒன்றில்லை, விமானத் தர காம்பவுண்டா என்று கேட்டு, வார்த்த மூலையிலும் அதே காம்பவுண்டுதானா என்று எழுத்தில் வாங்குங்கள். மூலை வேறு கம்பெனியில் வேறு ரப்பரில் செய்து வரும், சோதனை நேரான துண்டுக்கு மட்டும் இருக்கும். வாக்குவம் பேனலுக்கு நான் சொன்ன மாதிரி முழு அடுக்கு சாம்பிள், ஒன்று நல்ல பேனலோடு, ஒன்று வேண்டுமென்றே குத்தி ஓட்டையாக்கிய பேனலோடு.

ஹாங்கர்மாமா:

அந்த வாக்குவம் சுவரின் உள்பக்கத் தகட்டில் "துளையிடாதே" என்று பெயின்ட்டில் எழுதாதீர்கள், இரண்டாவது முறை கழுவினாலே போய்விடும். தகட்டிலேயே பொறித்துவிடுங்கள். ரிப்பேர் மேனுவலில் அந்தச் சுவருக்குப் பதிலாக வெறும் ஃபோம் துண்டு போட்டுப் பறக்கலாமா, போட்டால் எத்தனை டிகிரி கூடும் என்று ஒரு வரி சேருங்கள். இரவு இரண்டு மணிக்கு விமானத்தின் கீழே நிற்கிறவனுக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும்.

மீனம்பாக்கம்_ஷிஃப்ட்:

கேஸ்கெட்டைத் தடிமனாக்கும் முன் இரண்டு மூன்று கேட்டரிங் கம்பெனிகளின் பழைய டிராலியை இரவல் வாங்கி உள்ளே விட்டுப் பாருங்கள். புது டிராலி அளவில் டிசைன் செய்கிறீர்கள், எங்களிடம் ஓடுவதெல்லாம் கதவு வீங்கி, பக்கம் உப்பி, சக்கரம் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த டிராலிகள். கதவு மூடவில்லை என்றால் கேபின் குழு கேஸ்கெட்டைப் பிய்த்துவிட்டு மூடுவார்கள்.

ஓசூர்ரோடு:

பழைய டிராலி இரவல் கேட்டு இன்றே மெயில் போடுகிறேன். சாம்பிள் அடுக்கு தயாரானதும் பசை அளவோடு இங்கேயே எழுதுகிறேன் தீப்பெட்டி மேடம், லேபுக்கு அனுப்பும் முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.